இருபது நிமிடத்துக்குப் பிறகு

முதல் இடைவெளியை அவன் அண்ணியின் மௌனம் என்றுதான் நினைத்தான்.

அப்படி நினைத்ததில் தப்பில்லை. ஒலிப்புத்தகம் வாசிக்கிறவர்களில் அண்ணியைப் போல நிறுத்தி வாசிக்கிறவர்கள் குறைவு. ஒரு பத்தி முடிந்தால், கேட்கிறவர்கள் போன் நின்றுவிட்டதோ என்று எடுத்துப் பார்க்கும் வரைக்கும் காத்திருப்பாள். பிறகுதான் அடுத்த வரி வரும். பதிப்பகத்துக்காரர் ஆரம்பத்தில் முணுமுணுத்தார். கேட்டவர்கள் அந்த மௌனத்துக்காகவே எழுதிப்போட ஆரம்பித்த பிறகு வாயை மூடிக்கொண்டார். பள்ளிக்கூட நூலகத்தில் இருபது வருடம் வேலை பார்த்த அண்ணிக்கு, பேசாமல் இருப்பதும் வாசிப்பில் சேர்த்திதான்.

அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, முந்தின நாள் பதிவை வெட்டி ஒழுங்குபடுத்த உட்கார்ந்தவன், இருபது நிமிடம் நாற்பத்தோரு நொடியில் குரல் நின்றதும் கன்னத்தில் கை வைத்தபடி காத்திருந்தான். 'அவள் அந்தக் கடிதத்தை எடுத்து' என்று சொல்லிவிட்டு அண்ணி நிறுத்தியிருந்தாள். ஒன்றரை நொடி. பிறகு 'போட்டுவிட்டு ஜன்னலைச் சாத்தினாள்' என்று குரல் வந்தது.

எங்கே போட்டுவிட்டு?

அவன் பின்னுக்குப் போய் மறுபடி கேட்டான். மேசையில் கிடந்த புத்தகத்தைப் புரட்டினான். படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கிற ஒருத்தியின் கதை அது. கடைசிக்கு முந்தின அத்தியாயம். 'அவள் அந்தக் கடிதத்தை எடுத்து அடுப்பில் போட்டுவிட்டு ஜன்னலைச் சாத்தினாள்.' அண்ணி வார்த்தையை விடுகிறவள் இல்லை. எழுதினவர் ஒரு கால்புள்ளி வைத்திருந்தால் அதற்கும் மரியாதை கொடுக்கிறவள்.

சரியாக ஒரு நிமிடம் கழித்து இன்னொரு இடைவெளி. இந்த முறை ஒரு வார்த்தையின் நடுவில். வெட்டுக்கத்தியால் நறுக்கியது போல 'காத்தி' வரைக்கும் இருந்தது, மீதி இல்லை. அடுத்த நிமிடம், நாற்பத்தோராவது நொடியில், மறுபடி.

நாற்பத்தொன்று, நாற்பத்தொன்று என்று நிமிடத்துக்கு நிமிடம் தாவித் தாவிப் பார்த்துக்கொண்டே போனான். எந்த நிமிடமும் தப்பவில்லை. மொத்தப் பதிவு அறுபத்து நான்கு நிமிடம். நாற்பத்து நான்கு ஓட்டைகள். அதில் பதின்மூன்று, அண்ணி நிறுத்திய இடங்களிலேயே போய் விழுந்து ஒன்றையும் கெடுக்காமல் போயிருந்தன. மீதி முப்பத்தொன்று வார்த்தைகளைத் தின்றிருந்தன.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அண்ணிக்குத் தொண்டையில் ஆபரேஷன்.

அவன் எதையும் முன்கூட்டியே பார்க்காமல் வாங்காதவன். ஒலிப்பதிவு மென்பொருளோடு ஒட்டவைக்கும் சின்னச் சின்னக் கூடுதல் கருவிகள் உண்டு, ப்ளகின் என்பார்கள். இரைச்சலை எடுக்க ஒன்று, எதிரொலியை அடக்க ஒன்று, 'ஸ்' சத்தத்தை மழுக்க ஒன்று. ஒவ்வொன்றையும் டெமோவாக இறக்கி, கொடுத்த நாள் தீரும் வரை தட்டிக் கொட்டிப் பார்ப்பான். பாதிக்கு மேல் வாங்கமாட்டான். கடைக்குப் போய் எடுத்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் கடைக்காரர் முகம் சுருங்கும். அதைப் பார்க்க இவனால் ஆகாது. டெமோவில் அந்தத் தொந்தரவு இல்லை. யாரிடமும் எதுவும் சொல்லாமல் அழித்துவிடலாம்.

"கட்டிக்கிறதுக்கு முன்னாடி என்னையே மூணு வருஷம் டெமோ பாத்தவராச்சே" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் அவன் மனைவி சொல்வாள். "நான்தான் கடைசியில, 'வாங்குறீங்களா, இல்ல கடையைச் சாத்தட்டுமா'ன்னு கேட்டேன்."

இந்த முறை இறக்கியது இரைச்சலை எடுக்கும் ப்ளகின். அதற்கும் காரணம் இருந்தது. அவன் பதிவு அறை சலவைக்கடைக்கு மேலே. பத்துக்குப் பன்னிரண்டு. சுவரெல்லாம் பழைய மெத்தைகளை ஆணியடித்து மாட்டியிருந்தான். கீழே மெஷின்கள் ஓடும்போது தரை வழியாக ஓர் உறுமல் ஏறி வரும். சின்னக் காய்ச்சலைப் போல, கவனித்தால்தான் தெரியும். கவனித்துவிட்டால் வேறெதுவும் கேட்காது. வழக்கமாக மெஷின்கள் ஓயும் நேரம் பார்த்துப் பதிவு செய்வான். இந்த முறை நேரம் பார்க்க வழியில்லை. அண்ணியின் குரல் நாணில் ஒரு கட்டி. "எடுத்துடலாம். குரல் வரும். அதே குரலான்னு இப்ப என்னால சொல்ல முடியாது" என்று டாக்டர் சொல்லியிருந்தார். சனிக்கிழமை மதியம் வரை அளவாகப் பேசலாம். அதற்குப் பிறகு ஆபரேஷன் வரை ஒரு வார்த்தை கூடாது. மீதமிருந்ததோ இரண்டு அத்தியாயம். இருபது அத்தியாயம் வாசித்த குரலில் கடைசி இரண்டையும் முடித்துவிட்டுத்தான் மருத்துவமனைக்குப் போவேன் என்று அண்ணி பிடிவாதமாக இருந்தாள்.

பதினான்கு நாள் டெமோ. உறுமலை அது துடைத்து எடுத்த விதத்தைப் பார்த்து அவனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. ஒரே ஒரு குறை. டெமோவில், துடைத்ததைக் கோப்பாகச் சேமிக்க விடாது. அவன் இரண்டு நாள் யோசித்து ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தான். பதிவு செய்த பிறகு துடைத்தால்தானே சேமிக்க வேண்டும்? மைக்கில் இருந்து வரும் வழியிலேயே ப்ளகினை உட்கார வைத்துவிட்டால், துடைத்த சத்தம்தானே பதிவாகும்? தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து அன்றைக்கு அவனே தோளைத் தட்டிக்கொள்ளாத குறை.

நான்கு நாள் சோதித்தான். ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம், மிஞ்சினால் பதினைந்து. முதல் நாள் திரையில் ஒரு பெட்டி வந்திருந்தது. அதில் இருந்ததைப் பாதி படித்து 'சரி' என்று அமுக்கியதும் நினைவிருந்தது. இப்போது அந்தப் பெட்டியைத் தேடி எடுத்து முழுக்கப் படித்தான். இருபது நிமிடம் தொடர்ந்து ஓடிய பிறகு, சோதனைப் பதிப்பில் ஒலி அவ்வப்போது தடைபடும்.

இதோடு போயிருந்தால்கூடத் தப்பித்திருக்கலாம். எப்போதும் பக்கத்திலேயே இன்னொரு தடத்தில், எதுவும் சேர்க்காத பச்சைப் பதிவு ஒன்று ஓடும். சனிக்கிழமை அந்த ப்ளகினின் பாரம் தாங்காமல் கம்ப்யூட்டர் திணற, அவன்தான் தன் கையாலேயே பச்சைத் தடத்தை நிறுத்தினான். ஹெட்போனில் அவன் கேட்டுக்கொண்டிருந்தது மைக்கில் இருந்து நேராக வந்த குரலை. அதில் ஓட்டை இல்லை. திரையில் கோடு நின்று நின்று போனபோது அண்ணியின் மௌனம் என்று எண்ணிக்கொண்டான்.

வாசித்து முடித்து அண்ணி புத்தகத்தை மூடியது கண்ணுக்குள் வந்தது. "அவ்வளவுதான் தம்பி. இனி நானும் உன்னை மாதிரி மௌனசாமி" என்று சிரித்தாள். அப்போதே உதட்டில் விரலை வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

"காபி ஆறிப் போச்சு பாருங்க" என்றபடி மனைவி உள்ளே வந்தாள். மருந்துக்கடையில் மதிய ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், வழியில் அவனுக்குச் சாப்பாட்டு டப்பாவை வைத்துவிட்டுப் போக வந்திருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் டப்பாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். "என்ன?"

அவன் ஹெட்போனை அவள் காதில் மாட்டி, கடிதம் காணாமல் போகும் இடத்தைப் போட்டுக் காட்டினான். அடுத்ததையும் காட்டினான். அதற்கு அடுத்ததையும். நான்காவதில் அவளே ஹெட்போனைக் கழற்றிவிட்டாள்.

"எத்தனை?"

"முப்பத்தொண்ணு."

"அண்ணிகிட்ட சொல்லிட்டீங்களா?"

அவன் சுவரில் தொங்கிய மெத்தையைப் பார்த்தான்.

"வாயைத் திறங்க. என்கிட்டயாவது."

"சொன்னா, படிக்கிறேம்பாங்க. படிக்க வச்சா நாளைக்குத் தொண்டைக்கு என்ன ஆகுமோ. சொல்லலன்னா, அந்தக் குரல்ல இந்தப் புத்தகம் இனி என்னைக்கும் முடியாது. எப்படிப் போனாலும் நான்தான் கெடுத்தவன்."

"கெடுத்தாச்சு. அதுல இனி யோசிக்க ஒண்ணுமில்ல. யார்கிட்ட எப்ப சொல்றதுன்னுதான் பாக்கி." அவள் டப்பாவை மேசையில் வைத்தாள். "சொல்லாம என்ன செய்றதா உத்தேசம்? இன்னொரு டெமோவா?"

அவள் அதை வேடிக்கையாகத்தான் சொன்னாள். அவள் செருப்புச் சத்தம் படியில் தேய்ந்து மறையும் வரை அவன் அசையவில்லை. அதற்குப் பிறகு, சொல்லிவைத்த மாதிரி, இன்னொரு டெமோவைத் தேடினான்.

அதுவும் ஒரு ப்ளகின்தான். ஒருவர் பேசிய பதிவை அரைமணி நேரம் கொடுத்தால் போதும், அந்தக் குரலைக் கற்றுக்கொள்ளும். பிறகு நாம் தட்டச்சு செய்வதை அந்தக் குரலில் சொல்லும். ஏழு நாள் இலவசம். நடுவில் ஒரு பெட்டி வந்தது. 'இந்தக் குரலுக்கு உரியவரிடம் அனுமதி பெற்றிருக்கிறேன்.' இந்த முறை அவன் முழுக்கப் படித்தான். படித்துவிட்டு, கட்டத்தில் டிக் போட்டான்.

முதல் அத்தியாயத்தைக் கொடுத்தான். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கீழே மெஷின் ஒன்று தண்ணீரை வடித்துவிட்டு வேகமெடுத்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. வட்டம் நின்றதும் கடித வரியைத் தட்டச்சு செய்து அமுக்கினான்.

'அவள் அந்தக் கடிதத்தை எடுத்து அடுப்பில் போட்டுவிட்டு ஜன்னலைச் சாத்தினாள்.'

அண்ணிதான். 'ஜன்னலை' என்று சொல்லும்போது கொஞ்சம் தாழ்ந்து எழும்புகிற அந்த இடம்கூட அப்படியே இருந்தது. அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அடுத்த வரி, அதற்கடுத்த வரி. எல்லாம் வந்தன. இப்படியே முப்பத்தொன்றையும் ஒட்டிவிட்டால் அண்ணன் கண்டுபிடிக்கமாட்டான், பதிப்பகத்துக்காரர் கண்டுபிடிக்கமாட்டார். அண்ணியே கேட்டாலும், தான் வாசித்தது என்றுதான் நினைப்பாள். யாரும் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம்.

ஒன்பது வரி ஆனது. பத்தாவதைத் தட்டச்சு செய்யப் போன விரல்கள் நின்றன. எவ்வளவு நேரம் நின்றன என்று அவனுக்குத் தெரியாது. பிறகு அவை புத்தகத்தில் இல்லாத ஒரு வரியைத் தட்டின.

'பரவாயில்லை தம்பி, விடு.'

அமுக்கினான்.

"பரவாயில்லை தம்பி, விடு" என்றாள் அண்ணி.

அவன் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தான். அறையில் வேறு யாரோ இருப்பது போல, கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். லேப்டாப், சின்ன ஒலிப்பதிவுக் கருவி, மைக், புத்தகம், எல்லாவற்றையும் பைக்குள் திணித்தான். முப்பத்தொரு வரிகளையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டான். அண்ணன் வீட்டுக்கு இரண்டு பஸ் நிறுத்த தூரம். பஸ் வந்து நின்றும் ஏறாமல் நடந்தான். நடந்தால் சொல்ல வேண்டியதைக் கோர்த்துக்கொள்ளலாம் என்று எண்ணினான். வாசல் வரைக்கும் ஒரு வார்த்தைகூடக் கோர்வையாக வரவில்லை.

அண்ணன்தான் கதவைத் திறந்தான். லிஃப்ட் மெக்கானிக். வேலை நேரமெல்லாம் இருட்டுக் குழிக்குள் தனியாக நிற்பதாலோ என்னவோ, வெளியே வந்தால் ஓயாமல் பேசுவான்.

"வாடா, வா. உங்க அண்ணி கல்யாணமான நாள்ல இருந்து முதல் தடவையா என்னைப் பேச விட்டிருக்கா. காலையில இருந்து நான் மட்டும்தான் பேசுறேன். எனக்கே போர் அடிக்குது."

கூடத்தில், மருத்துவமனைக்கு எடுத்துப் போக வேண்டிய பை தயாராக நின்றது. அண்ணி சோபாவில் காலை மடித்து உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் ஒரு கயிறு, அதில் ஒரு குட்டி நோட்டு, பென்சில். அவனைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தி, 'உட்கார்' என்று இடத்தைத் தட்டினாள். நோட்டில் எழுதிக் காட்டினாள்: 'கடைசி அத்தியாயம் கேட்டியா? எப்படி?'

அவன் உட்காரவில்லை.

"அண்ணி, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

சொல்ல ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. டெமோ, குறுக்கு வழி, நிறுத்திய பச்சைத் தடம், படிக்காத பெட்டி, நாற்பத்து நான்கு ஓட்டை. அண்ணியின் முகத்தைப் பார்க்காமல், அந்தப் பையின் ஜிப்பைப் பார்த்தே சொல்லி முடித்தான்.

"டெமோவா?" அண்ணன் எழுந்துவிட்டான். "என்னடா பேசுற நீ? அவ உயிரைக் குடுத்து ஒரு மணி நேரம் படிச்சிருக்கா. அதுல போயி உன் சோதனையை வச்சியா? புது கேபிளை நான் ஆளை ஏத்திட்டாடா சோதிக்கிறேன்? மணல் மூட்டையை வச்சு ஓட்டிப் பாப்பேன்டா!"

"தெரியும்."

"என்ன தெரியும்? ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருந்தா, பணம் நான் குடுத்திருப்பேன்ல?"

"பணத்துக்காக இல்ல அண்ணா. பணம் இருந்துச்சு."

"அப்புறம்?"

அண்ணி கையைத் தூக்கி அண்ணனை உட்காரச் சொன்னாள். பிறகு தாளுக்காகக் கை நீட்டினாள். முப்பத்தொரு வரிகளையும் ஒவ்வொன்றாகப் படித்தாள். உதடு அசையவில்லை. படித்து முடித்ததும் வெகுநேரம் தாளை மடியிலேயே வைத்திருந்தாள். சுவர்க் கடிகாரம் மட்டும் கேட்டது. அந்த மௌனத்தை அவன் எத்தனையோ மணி நேரம் ஹெட்போனில் கேட்டிருக்கிறான். எதிரே உட்கார்ந்து கேட்டபோது அதன் கனம் வேறாக இருந்தது.

"இன்னொண்ணும் இருக்கு" என்றான். அதையும் இறக்கிவைக்காமல் நிற்க முடியவில்லை. லேப்டாப்பைத் திறந்து, குரலைக் கற்றுக்கொள்ளும் டெமோவைப் பற்றிச் சொன்னான். அண்ணி, 'போடு' என்று சைகை காட்டினாள்.

கடித வரி கேட்டது. அண்ணன் தன் மனைவியின் வாயைப் பார்த்தான். அது மூடியிருந்தது. அவன் முகத்தில் இருந்த கோபம் எங்கோ போய், பயம் வந்திருந்தது.

அண்ணி எழுதினாள். அண்ணன் எட்டிப் பார்த்து உரக்கப் படித்தான். "'இது எத்தனை நாள் டெமோ?'"

"ஏழு நாள்."

அவள் இன்னொரு வரி எழுதினாள். "'அதுக்குள்ள எனக்கு...'" அண்ணன் நிறுத்திவிட்டான். நோட்டைத் தம்பியிடம் நீட்டினான். 'அதுக்குள்ள எனக்குக் குரல் வந்துடுமா?' என்று இருந்தது.

அண்ணி நோட்டைத் திரும்ப வாங்கி, கீழே எழுதினாள்: 'வேற என்ன சொல்ல வச்சே?'

அவனுக்குக் காது வரை சுட்டது. அண்ணிக்கு அவனைப் பதினெட்டு வயதில் இருந்து தெரியும். உடைந்த கண்ணாடி டம்ளரைச் சொல்லாமல் குப்பையில் புதைத்தவன் யார் என்று அந்தக் காலத்திலேயே தெரிந்தவள்.

"'பரவாயில்லை தம்பி, விடு'ன்னு."

அண்ணியின் தோள்கள் குலுங்கின. அழுகிறாளோ என்று பதறிப் பார்த்தான். சிரித்துக்கொண்டிருந்தாள், சத்தமில்லாமல், கண்ணோரம் ஈரத்தோடு. பிறகு எழுதினாள். அழுத்தி எழுதியதில் பென்சில் முனை பாதியில் ஒடிந்தது.

'நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.'

எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். மின்விசிறியை நிறுத்தினாள். சமையலறைக்குப் போய் ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வந்து உட்கார்ந்து, மைக்குக்காகக் கை நீட்டினாள்.

"ஏய், டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?" அண்ணன் குரல் கீச்சிட்டது. "டேய், நீ சொல்லு. வேணாம்னு சொல்லு."

"வேணாம் அண்ணி. நான் அதுக்காக வரல. சொல்லத்தான் வந்தேன்."

அவள் ஒடிந்த பென்சிலாலேயே கீறினாள்: 'என் தொண்டை.'

அவன் கருவியை மைக்கோடு நேராக இணைத்தான். நடுவில் ஒன்றும் இல்லை. ஒருமுறைக்கு மூன்று முறை பார்த்தான். பத்து நொடி பதிவு செய்து, போட்டுக் கேட்டு, அண்ணனின் பெருமூச்சு அதில் விழுந்திருப்பதை உறுதி செய்துகொண்டான். பிறகு தலையாட்டினான்.

முதல் வரி துருப்பிடித்தாற்போல வந்தது. ஒரு நாள் பூட்டிக் கிடந்த குரல். இரண்டாவதிலேயே பழைய அண்ணி வந்துவிட்டாள். ஒரு வரிக்கு ஒரு முறைதான். திருத்தவில்லை, திரும்பப் படிக்கவில்லை. ஒவ்வொன்றையும் முடித்ததும் அவன் தாளில் கோடு போட்டான். தான் போடுகிற ஒவ்வொரு கோடும் அந்தத் தொண்டைக்குள் விழுகிறது என்று தோன்றியது. நிறுத்தச் சொல்லவும் வாய் வரவில்லை, தொடரச் சொல்லவும் வரவில்லை. அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தான்.

பத்தொன்பதாவது வரியின் கடைசியில் குரல் பிசிறியது. அண்ணி தண்ணீர் குடித்தாள். இருபதாவது: 'படகு வந்ததா என்று அவள் யாரையும் கேட்கவில்லை.' வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது. மறுபடி திறந்தாள்.

அவன் ஹெட்போனைக் கழற்றினான். "போதும் அண்ணி."

அவள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். பிறகு அண்ணன் கொண்டுவந்த பேனாவால், நோட்டில் நிறுத்தி நிறுத்தி எழுதினாள். 'மீதி பன்னிரண்டு. வந்து படிக்கிறேன். எந்தக் குரல் வந்தாலும். அவகிட்ட குடுத்துடாதே.' அவள் விரல் லேப்டாப்பைக் காட்டியது.

மறுநாள் மருத்துவமனை வராந்தாவில் அண்ணன் மூன்று மணி நேரம் பேசிக்கொண்டே இருந்தான். மருத்துவமனை லிஃப்ட்டின் கதவு அரை அங்குலம் விலகி நிற்பதைப் பற்றி, அதைக் கவனிக்காதவர்களைப் பற்றி. நடுவில் ஒருமுறை நிறுத்தி, "நேத்துப் படிச்சதால ஒண்ணும் ஆயிடாதில்லடா?" என்று கேட்டான். "தெரியல அண்ணா" என்றான் அவன். வேறு என்ன சொன்னாலும் பொய்யாகியிருக்கும். டாக்டர் வெளியே வந்து, கட்டியை எடுத்தாயிற்று, குரல் எப்படி என்பது மூன்று வாரம் கழித்துத்தான் தெரியும் என்றார். நேற்றைய வாசிப்பைப் பற்றி அண்ணனே ஒப்புக்கொண்டான். டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "செஞ்சிருக்கக் கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவன் மூன்று வாரம் தூங்கினான், விழித்தான்.

பதிப்பகத்துக்காரர் போனில் கேட்டபோது, "என் தப்பு சார். இன்னும் ஒரு மாசம் ஆகும்" என்றான். எதிர்முனையில் கொஞ்சம் சத்தம் இருந்தது. காதிலிருந்து போனை விலக்காமல் முழுக்கக் கேட்டான்.

இரண்டு டெமோக்களும் அதனதன் நாளில் தீர்ந்தன. திரையில், 'வாங்குகிறீர்களா, வெளியேறுகிறீர்களா' என்று பெட்டி வந்தது. வெளியேறினான்.

டாக்டர் தினமும் பத்து நிமிடம் பேசலாம் என்று அனுமதி கொடுத்த மறுநாள், அவன் படியிறங்கிச் சலவைக்கடைக்குப் போனான். வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றான். பிறகு உள்ளே போய், துணி மடித்துக்கொண்டிருந்த கடைக்கார அம்மாவிடம், நாளைக்கு ஒரு அரைமணி நேரம் மெஷின்களை நிறுத்த முடியுமா என்று கேட்டான்.

"இதுக்கா இப்படித் திணறுறீங்க? பதினோரு மணிக்கு எப்படியும் நான் சாப்பிட உக்காருவேன். அப்ப நிறுத்திடுறேன்." அந்த அம்மா அவனை மேலும் கீழும் பார்த்தார். "நாலு வருஷமா மேல அறை வச்சிருக்கீங்க. ஒரு நாளாவது வந்து கேட்டிருக்கலாம்ல?"

பதினோரு மணிக்கு உறுமல் நின்றது. அறை இவ்வளவு அமைதியாக இருக்க முடியும் என்பது அவனுக்கே புதிதாக இருந்தது. அண்ணி உள்ளே மைக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். படியேறி வந்ததில் இருந்து ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. பத்து நிமிடத்தையும் புத்தகத்துக்கே வைத்திருந்தாள். மூன்று வாரமாக அந்தக் குரலை அவன் கேட்கவில்லை. அண்ணனிடம் போனில் விசாரித்தபோது, "வந்து கேட்டுக்கோ" என்று மட்டும்தான் சொல்லியிருந்தான், அவ்வளவு பேசுகிறவன்.

மைக். வயர். கருவி. பச்சைத் தடம். நடுவில் ஒன்றும் இல்லை. சிவப்பு விளக்கைப் போட்டான்.

அண்ணி ஆரம்பிக்கவில்லை. தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து நொடி. பத்து நொடி. திரையில் கோடு தட்டையாக ஓடியது. பதினைந்து. இது அவள் மௌனமா, இல்லை...

"படகு வந்ததா என்று அவள் யாரையும் கேட்கவில்லை."

தாழ்ந்த குரல். ஓரத்தில் மணல் ஒட்டியது போல ஒரு சொரசொரப்பு. 'யாரையும்' என்னும் இடத்தில் எழும்பப் போய், எழும்பாமல் பாதியில் இறங்கியது. முன்னால் இருக்கிற வரியும் பின்னால் வரப்போகிற வரியும் வேறொருத்தி வாசித்தது போலத்தான் கேட்பவர்களுக்கு இருக்கும்.

அண்ணி தாளில் இருந்து கண்ணை எடுத்து அவனைப் பார்த்தாள்.

"எப்படி இருக்கு?"

நன்றாக இருக்கிறது என்று சொல்ல அவன் வாய் தயாராக இருந்தது. அதை விழுங்கினான்.

"வேற மாதிரி இருக்கு அண்ணி."

அவள் மறுபடி தாளைப் பார்த்தாள். பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. அவன் நிறுத்தவில்லை.

"பழகணும்" என்றான்.

"எனக்கும்தான்" என்றது அந்தக் குரல். "அடுத்தது எது? சொல்லு."